படுத்த நாயை எழுப்புவது

போன வருஷம் மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மிக்கியால் எழுந்திருக்க முடியவில்லை. முன்னங்கால்கள் இரண்டும் ஊன்றின. பின்னங்கால்கள் தரையில் கிடந்த துணிபோல் இழுபட்டு வந்தன. அவன் திரும்பித் தன் காலையே பார்த்தான். வேறு யாருடைய காலோ என்பதுபோல.

மிக்கி ஐந்து வயது டேஷ்ஹண்ட். நீள உடம்பு, குட்டைக் கால். முந்தின நாள் சாயந்திரம் சோஃபாவிலிருந்து குதித்தவன் ஒரு சின்னச் சத்தம் போட்டுவிட்டு கட்டிலுக்கு அடியில் போய் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தான். வயிற்றைத் தொட்டால் கல் மாதிரி இருந்தது. வயிற்றுவலி என்று நினைத்து மோர்சாதம் வைத்தோம். முதுகு வலிக்கும் நாய் வயிற்றை இறுக்கிக்கொள்ளும் என்பதும், நடுக்கம்தான் அதன் முதல் புலம்பல் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்காக இன்னும் என்மேல் எனக்குக் கோபம் உண்டு.

பக்கத்தில் ஒரு கிளினிக்கில் பார்த்தவர் நிறைய நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு காலும் போயிடுச்சு சார். கஷ்டப்பட விடாதீங்க. தூங்க வச்சிடலாம்" என்றார். அம்மா ஒன்றும் சொல்லாமல் மிக்கியைத் துண்டோடு தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். ஆட்டோவில் ஏறிய பிறகுதான் பேசினாள். "உங்க பாட்டிக்கும் ரெண்டு வருஷம் கால் வரல. அவங்கள தூங்க வச்சோமா?"

அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை.

*

படுத்துவிட்ட உடம்பை என்ன செய்வது என்பதற்கு மருத்துவம் கொடுத்த மிகப் பழைய பதில்களில் ஒன்று எகிப்தில் கிடைத்த எட்வின் ஸ்மித் பாப்பிரஸில் இருக்கிறது. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட சுவடி அது. கழுத்தெலும்பு நகர்ந்து, கையும் காலும் செயலிழந்து, சிறுநீர் தானாகக் கசியும் மனிதன் ஒருவனை அது துல்லியமாக விவரிக்கிறது. அதன் முடிவு: இது சிகிச்சை செய்ய வேண்டிய நோய் அல்ல.

அந்தத் தீர்ப்பு ஏறத்தாழ இருபதாம் நூற்றாண்டுவரை மாறவில்லை. முதல் உலகப் போரில் முதுகுத்தண்டில் குண்டு பாய்ந்த வீரர்களில் பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்துபோனார்கள். கவனிக்க வேண்டியது, அவர்களைக் கொன்றது முதுகுத்தண்டு அல்ல. காலியாகாத சிறுநீர்ப்பையில் தொற்று வந்து, அது சிறுநீரகத்துக்கு ஏறியது. புரட்டிப்போட ஆளில்லாமல் முதுகில் புண் வந்து, அந்தப் புண் ரத்தத்தை விஷமாக்கியது. நரம்பு அறுந்ததால் போனவர்களைவிட, பக்கத்தில் கை இல்லாததால் போனவர்கள் அதிகம்.

இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் லுட்விக் குட்மன். ஜெர்மனியிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி 1939-ல் இங்கிலாந்துக்கு வந்த யூத நரம்பியல் மருத்துவர். 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு காயப் பிரிவைத் தொடங்கினார். புது மருந்து எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, ராத்திரி பகல் பார்க்காமல், ஒவ்வொரு நோயாளியையும் புரட்டிப்போட வைத்தார். சிறுநீர்ப்பையைச் சுத்தமான முறையில், நேரம் தவறாமல் காலி செய்ய வைத்தார். நோயாளிகள் சாவது நின்றது. பிறகு அவர்களை விளையாட வைத்தார். 1948-ல் லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கிய அதே நாளில் 16 பேரை வைத்து அவர் நடத்திய வில்வித்தைப் போட்டிதான் பின்னால் பாராலிம்பிக்ஸ் ஆனது. உலகம் அந்த வில்லை நினைவில் வைத்திருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குப் புரட்டிப்போட்டவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது.

நம் ஊரிலும் ஒருவர் இருந்தார். வேலூர் சிஎம்சியில் படித்த டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் நடந்த ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தூண்டுதலில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யக் கற்றுக்கொண்டார். அப்புறம் நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். சிஎம்சியில் அதற்கென்று தனித் துறை உருவாகி, 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் வந்தது. 1972-ல் பத்மஸ்ரீ. படுத்தவர் எழுந்து நடக்காமலேயே வாழ்க்கைக்குத் திரும்ப முடியும் என்பதற்கு அவரே சாட்சி.

இந்த வரிசையில் நாய் எங்கே வருகிறது? ரொம்பத் தாமதமாக.

*

ஆட்டோ பாடி மேம்பாலம், அண்ணா நகர், கீழ்ப்பாக்கம் தாண்டி வேப்பேரிக்குப் போனது. சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் சைதாப்பேட்டையில் ஒரு கட்டடத்தில் 20 மாணவர்களோடு தொடங்கி, 1905-ல் வேப்பேரிக்கு வந்தது. 1989-ல் அதை மையமாக வைத்துத்தான் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் உருவானது. ஆரம்பத்தில் வெள்ளைக்கார அரசின் கவலை குதிரையும் மாடும். குதிரை ராணுவத்துக்கு, மாடு ஏருக்கும் வரிக்கும். உலகம் முழுக்க அப்படித்தான். 1761-ல் பிரான்சின் லியோனில் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி அமைக்கப்பட்டபோது, மாடுகளைக் கொத்துக்கொத்தாகக் கொன்ற கொள்ளைநோய்தான் பெரிய அவசரம். பயன்படும் விலங்குக்குத்தான் மருத்துவம். இன்றைக்கு அதே வேப்பேரியில் காலை வரிசையில் நிற்பது பெரும்பாலும் நாயும் பூனையும்.

அதற்கும் முன்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளை மனிதருக்கு ஒன்று, விலங்குக்கு ஒன்று என இருவகை மருத்துவத்தைச் சொல்கிறது. அது நடக்கும் இடங்களாகச் சோழர், பாண்டியர் நாடுகளையும் குறிப்பிடுகிறது. 2,200 வருஷத்துக்கு முந்தைய அந்த வாக்கியத்தின் வாரிசாக, வேப்பேரி வரிசையில் துண்டில் சுற்றிய நாயோடு என் அம்மா நின்றாள்.

உள்ளே இருந்த டாக்டர் இளம் பெண். மிக்கியின் பின்னங்கால் விரலை ஃபோர்செப்ஸால் அழுத்திப் பிடித்தார். கால் வெடுக்கென்று மடங்கியது. எனக்குச் சந்தோஷம். "அது கணக்கில்லை சார், அது வெறும் ரிஃப்ளெக்ஸ். மூளைக்குத் தெரியாமலே நடக்கும்" என்றார். இன்னும் கொஞ்சம் அழுத்தினார். மிக்கி தலையைத் திருப்பி அவர் கையைக் கடிக்கப் போனான். அவர் சிரித்தார். "இதான் வேணும். வலி மேல போகுது. வழி இன்னும் திறந்திருக்கு."

அந்த ஒரு கடிதான் எங்கள் கேள்விக்குப் பாதி பதில். ஆழ்வலி உணர்வு இருக்கும்போது அறுவை சிகிச்சை செய்தால் பத்தில் ஒன்பது நாய்கள் மறுபடி நடக்கின்றன. அந்த உணர்வும் போய்விட்டால், அறுவை செய்தாலும் ஏறக்குறைய பாதிதான். அது ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாத அவசரம். மிக்கி நடுவில் இருந்தான். நடக்க முடியாது, ஆனால் வலி தெரியும், வால் நுனியில் லேசான அசைவும் இருந்தது. அறுவைதான் வேகமான, உறுதியான வழி என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். ஸ்கேன், அறுவை, செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தோம். அப்பாவின் கண் ஆபரேஷன் அந்த மாதம்தான் முடிந்திருந்தது. "வீட்டுலயே வச்சுப் பாக்கறதுன்னா, நான் சொல்றத அப்படியே செய்யணும். நிலைமை மோசமானா அன்னிக்கே வரணும். முடியுமா அம்மா?" என்றார். அம்மா தலையாட்டினாள். என்னைக் கேட்கவே இல்லை.

*

உடைந்தது என்ன என்பதே பல காலம் யாருக்கும் புரியவில்லை.

முதுகெலும்பின் ஒவ்வொரு கண்ணிக்கும் நடுவில் ஒரு வட்டு இருக்கிறது. வெளியே நார் வளையம், உள்ளே ஜெல்லி. பக்கோடா தட்டில் வைக்கும் ஜாம் பன்னைக் கற்பனை செய்யுங்கள். வளையம் கிழிந்தால் ஜாம் வெளியே பிதுங்கும். மேல்பக்கமாகப் பிதுங்கினால் அங்கே முதுகுத்தண்டு இருக்கிறது. ஓடும் நரம்பின்மேல் திடீரென்று ஒரு கல்.

1896-ல் ஹெர்மன் டெக்ஸ்லர் செயலிழந்த நாய்களை அறுத்துப் பார்த்து, தண்டை அழுத்தும் குருத்தெலும்பு போன்ற பொருளைக் கண்டார். அது எங்கிருந்து வந்தது என்பதை அவரால் பிடிக்க முடியவில்லை, குருத்தெலும்பு வளர்ச்சி என்று எழுதினார். மனிதர்களிலும் இதே தவறு. முதுகிலிருந்து வெட்டியெடுத்த கட்டிகளைக் குருத்தெலும்பு வளர்ச்சி என்றே மருத்துவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1934-ல் பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இருவர்தான் அவற்றில் பல, கிழிந்த வட்டிலிருந்து வெளியே வந்தவை என்று காட்டினார்கள். இன்று எல்லா ஐடி ஆபீஸிலும் 'டிஸ்க் பல்ஜ்' என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்கு நூறு வயதுகூட ஆகவில்லை.

நாய்க்கு வந்தவர்கள் ஸ்வீடன்காரர்கள். 1950-களின் தொடக்கத்தில் ஸ்டாக்ஹோமில் ஹான்ஸென், ஓல்சன் இருவரும் நூற்றுக்கணக்கான நாய் முதுகெலும்புகளைப் பார்த்தார்கள். 1952-ல் ஹான்ஸென் வெளியிட்ட ஆய்வு இரண்டு வகையைப் பிரித்தது. ஒன்று, குட்டைக்கால் இனங்களில் இளவயதிலேயே ஜெல்லி காய்ந்து, சுண்ணாம்பு ஏறி, ஒரு நாள் வெடிப்பது. இன்னொன்று, மற்ற நாய்களில் வயதானபின் வளையம் மெதுவாகப் புடைப்பது. கால்நடை மருத்துவர்கள் இன்றும் முதல் வகை, இரண்டாம் வகை என்று அவர் பெயரைச் சொல்லித்தான் பேசுகிறார்கள். மிக்கிக்கு வந்தது முதல் வகை. சோஃபா காரணம் இல்லை. ஒரு வயதிலிருந்தே காய்ந்துகொண்டிருந்த வட்டுக்கு சோஃபா ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

*

அப்படியானால் காரணம் யார்?

டேஷ்ஹண்ட் என்றால் ஜெர்மன் மொழியில் பேட்ஜர் நாய். வளைக்குள் பதுங்கும் பேட்ஜரை விரட்டிப் பிடிக்க, வளைக்குள் நுழையக் கூடிய உடம்பு வேண்டும் என்று மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து வளர்த்த இனம். 1873-ல் இங்கிலாந்தில் கென்னல் கிளப் வந்தது. 1888-ல் ஜெர்மனியில் இந்த இனத்துக்கென்றே ஒரு சங்கம் வந்தது. வேலைக்காக வந்த குட்டைக்கால், கண்காட்சிக்கான இலக்கணம் ஆயிற்று. பிறகு அடுக்குமாடி வீட்டுக்கு வசதியான 'சின்ன' நாயாகக் கொரட்டூருக்கும் வந்துவிட்டது. இங்கே பேட்ஜரும் இல்லை, வளையும் இல்லை. ஏரிக்கரையில் கீரிப்பிள்ளை உண்டு. அதையும் அவன் சோஃபாவிலிருந்துதான் பார்ப்பான்.

குட்டைக்காலின் ரகசியம் மரபணுவில் பிடிபட்டது இந்த நூற்றாண்டில்தான். 2009-ல், எஃப்ஜிஎஃப்4 என்ற வளர்ச்சி மரபணுவின் கூடுதல் நகல் ஒன்று நாயின் 18-ஆம் குரோமோசோமில் ஒட்டியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 2017-ல் டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 12-ஆம் குரோமோசோமில் இன்னொரு நகலைக் கண்டார்கள். இந்த இரண்டாவது நகல்தான் வட்டையும் காய வைக்கிறது.

நான் தொழிலால் கோட் எழுதுகிறவன். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றைக் கலக்கவும் செய்தது. வேலை செய்யும் ஒரு ஃபங்ஷனை யாரோ காப்பி செய்து, சம்பந்தமில்லாத ஃபைலில் பேஸ்ட் செய்துவிட்டார்கள். அது அங்கேயும் ஓடுகிறது, தப்பான நேரத்தில், தப்பான இடத்தில். காப்பி பேஸ்ட் செய்தது இயற்கை. ஆனால் வந்த விளைவைப் பார்த்து "ஐயோ, க்யூட்டா இருக்கே" என்று அதையே ரிலீஸ் பண்ணியது நாம். டேஷ்ஹண்டுகளில் சுமார் ஐந்தில் ஒன்றுக்கு வாழ்நாளில் இந்த நோய் வருகிறது. எந்தக் கம்பெனியிலும் இப்படி ஒரு பக்கோடு வெர்ஷனை வெளியே விடமாட்டார்கள்.

காசு கொடுத்து வாங்கியவன் நான். தூங்க வைக்கலாமா என்ற கேள்விக்கு மிச்சப் பாதி பதில் எனக்கு இங்கேதான் கிடைத்தது. இந்த உடம்பை மனிதர்கள் வடிவமைத்தார்கள். அதற்கான பில் மனிதர்கள் வீட்டுக்குத்தான் வரவேண்டும்.

*

பில் வந்தது. அதை அம்மா கட்டினாள்.

முதல் விதி, கூண்டு. கழிவுக்குத் தூக்கிப் போகும் சில நிமிஷம் தவிர நாள் முழுக்க உள்ளேதான். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு வெல்டிங் கடையில் மூன்றடிக்கு இரண்டடியில் அடிக்கச் சொன்னேன். "கோழிக்கா சார்?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் உள்பக்கம் எல்லா முனையையும் மழுக்கிக் கொடுத்தார். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

இந்தக் கூண்டு ஏன் என்று புரிந்துகொள்வது முக்கியம். மருந்து வலியைத்தான் குறைக்கும். கிழிந்த நார் வளையம் தழும்பாகி மூடுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். 2022-ல் கால்நடை நரம்பியல் நிபுணர்கள் கூடி வெளியிட்ட ஒருமித்த பரிந்துரை, அறுவை இல்லாத சிகிச்சைக்குக் குறைந்தது நான்கு வாரம் நடமாட்டக் கட்டுப்பாடு வேண்டும் என்கிறது. ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு போட்ட ஸ்டீராய்டை இதற்கு வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்கிறது. வலிமருந்தோடு ஸ்டீராய்டைச் சேர்த்துக் கொடுத்தால் குடலில் ஓட்டை விழலாம். நாம் போடும் பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் எதையும் வீட்டு டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுக்கவே கூடாது.

ஆகவே ஆபத்தான வாரம் முதல் வாரம் அல்ல, மூன்றாவது. வலி போயிருக்கும், வட்டு ஆறியிருக்காது. நாய்க்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும். நமக்கும் தோன்றும். மிக்கி கூண்டுக் கம்பியில் மூக்கை வைத்து அழுதபோது, "பத்து நிமிஷம் விடலாமே" என்று சொன்னது நான்தான். "உன் பாட்டியும் இப்படித்தான் அழுவாங்க. கட்டில் கம்பிய எடுத்துடுன்னு. எடுத்திருந்தா விழுந்திருப்பாங்க" என்றாள் அம்மா.

இரண்டாம் விதி, சிறுநீர். ஈரமாகிறதே, தானாகப் போகிறான் என்று நான் நினைத்தேன். டாக்டர் திருத்தினார். நிரம்பி வழிவது வேறு, போவது வேறு. தொட்டி நிரம்பினால் ஓவர்ஃப்ளோ குழாயில் தண்ணீர் வரும், தொட்டி காலி என்று அர்த்தமில்லை. வழிகிற மிச்சம் உள்ளே தேங்கித் தொற்றாகும். முதல் உலகப் போர் வீரர்களைக் கொன்ற அதே தேக்கம். பின்னங்காலுக்கு முன்னால், வயிற்றின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்து, உள்ளே சின்னச் சாத்துக்குடி போல உருளும் பையைத் தேடி, குத்தாமல், விடாமல் ஒரே சீராக அழுத்த வேண்டும். இதைப் படித்துச் செய்யக் கூடாது. டாக்டர் நம் கைமேல் கை வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தப்பாக அழுத்தினால் பை கிழியும்.

எனக்கு மூன்று நாள் வரவில்லை. அம்மாவுக்கு இரண்டாம் தடவையே வந்துவிட்டது. காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, சாயந்திரம் ஆறு, ராத்திரி பதினொன்று. போனில் அலாரம் வைத்துக்கொண்டாள். நான் எக்செல் ஷீட் போட்டேன்: நேரம், அளவு, நிறம், வால் அசைவு. அம்மா அதைப் பார்க்கவே இல்லை. கை வைத்தாலே எவ்வளவு இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

மூன்றாவது, புண். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது, இடுப்பெலும்பைத் தடவிச் சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்பது, ஈரத்தைத் துடைத்துக் காய வைப்பது. பாட்டிக்கு வாதம் வந்து கிடந்த இரண்டு வருஷமும் அம்மா செய்தது இதைத்தான். அப்போது நான் பத்தாவது. கதவுக்கு அந்தப் பக்கம் டெட்டால் வாசனை மட்டும்தான் எனக்குத் தெரியும். பாட்டி முதுகில் ஒரு புண்கூட வராமல் செத்தாள் என்று உறவினர்கள் சொன்னபோது, அது ஒரு சாதனை என்று எனக்கு உறைக்கவில்லை. குட்மனைப் படித்த பிறகுதான் உறைத்தது. அவர் ஒரு மருத்துவமனைப் பிரிவையே வைத்துச் செய்ததை, கொரட்டூர் ஹவுசிங் போர்டு வீட்டின் பின்னறையில் ஒரு ஆள் தனியாகச் செய்திருக்கிறாள். அதை எந்த வரலாற்றுப் புத்தகமும் எழுதாது. எழுத வேண்டிய நான் அடுத்த அறையில் டியூஷன் படித்துக்கொண்டிருந்தேன்.

*

ஒன்பதாம் நாள் வால் நன்றாக ஆடியது. பதினேழாம் நாள் வலது பின்னங்கால், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தானாக மடங்கி நீண்டது. நாலாவது வாரம் அலாரம் அடிக்கும் முன்னமே மிக்கி தானாகச் சிறுநீர் விட்டிருந்தான், பை காலியாக இருந்தது. ஆறாம் வாரம் டாக்டர் அனுமதித்ததும், வயிற்றுக்குக் கீழே அம்மாவின் பழைய காட்டன் புடவையை மடித்துக் கொடுத்துத் தூக்கிப் பிடித்து, இரண்டு மூன்று நிமிஷம் நிற்க வைத்தோம். டைல்ஸ் தரை வழுக்கும் என்பதால் ஹாலிலிருந்து வாசல்வரை ரப்பர் மேட். ஒன்பதாம் வாரம் அந்த மேட்டின் மேல், குடித்தவன் மாதிரி ஆடி ஆடி, கேட் வரைக்கும் நடந்தான்.

இப்போதும் நடை கொஞ்சம் கோணல்தான். ஓடவிடுவதில்லை. கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை. எடை ஏறாமல் அளந்த சாப்பாடு. மறுபடி வராது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. எல்லா நாயும் இப்படி எழுந்திருக்கும் என்றும் நான் சொல்லமாட்டேன். எழாதவற்றுக்குச் சக்கர வண்டி உண்டு, வலி தீராதவற்றுக்குத் தூங்க வைப்பதும் கருணைதான். ஆனால் அந்த முடிவை எடுக்கும் முன்னால் யாராவது விரலை அழுத்திப் பார்த்திருக்க வேண்டும்.

போன வாரம் மாடி வீட்டுப் பையன் ஒரு குட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தான். குட்டைக் கால், நீளக் காது. "ஆன்ட்டி, டேஷ்! என்ன பேர் வைக்கலாம் சொல்லுங்க."

அம்மா குட்டியை வாங்கி, முதுகில் கழுத்திலிருந்து வால்வரை ஒரு தடவை விரலை ஓட்டினாள்.

"பேர் அப்புறம் வைக்கலாம்டா. முதல்ல உங்க சோஃபாவுக்கு ஒரு சாய்வுப் பலகை போடு."